திபேரியஸின் வெள்ளிக்காசை வாசிப்பது எப்படி

தமிழ்நாட்டு மண்ணில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக்காசுகள் இரண்டு வகை. ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் தன் பேரன்கள் காயஸ், லூசியஸ் இருவரையும் ஈட்டி, கேடயத்தோடு நிற்கவைத்து அடித்தது ஒன்று. அவருக்குப் பின் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸ், உட்கார்ந்திருக்கும் பெண்ணுருவம் ஒன்றைப் போட்டு அடித்தது மற்றொன்று. இந்தக் குறிப்பு இரண்டாவது காசைப் பற்றியது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு காசை வாங்கிப் படிப்பவருக்கும், அருங்காட்சியகங்களின் இணையப் படங்களை வைத்துப் படிப்பவருக்கும் வாசிக்கும் முறை ஒன்றுதான்.

காசிலுள்ள பட்டப்பெயர்களைச் சரியாகப் படித்தால் ஆண்டு கிடைக்கும். ஆண்டு கிடைத்தால், அப்போது ரோமாபுரியில் நடந்ததை அதோடு பொருத்திப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், எந்தப் பட்டம் இல்லை என்று கவனிப்பது. திபேரியஸ் எப்படிப்பட்ட ஆள் என்பது அங்கேதான் பிடிபடும்.

கைக்கு வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சின்ன எடைக்கருவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பிளாஸ்டிக் வெர்னியர் அளவி, ஒரு காந்தம். உலோக வெர்னியர் வேண்டாம், விளிம்பில் கீறல் விழும். மேசைமேல் தடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். ஈராயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் டைல்ஸ் தரையில் விழுந்தால் இரண்டாக உடைந்துபோகக்கூடும்.

எடைக்கருவி சரியா என்று பார்க்கத் தனியாக எடைக்கல் வாங்க வேண்டாம். 2013இல் வெளிவந்த மூன்றாம் வரிசை சிங்கப்பூர் 20 காசு நாணயத்தின் எடை 3.85 கிராம். அதே வரிசையின் 10 காசு நாணயத்தின் விட்டம் 18.5 மில்லிமீட்டர். இந்த வெள்ளிக்காசின் பெயர் தினாரியஸ். நல்ல நிலையில் உள்ள திபேரியஸ் தினாரியஸ் 3.5 முதல் 3.9 கிராம் எடையும் 17 முதல் 19 மில்லிமீட்டர் விட்டமும் இருக்கும். ஆகவே 20 காசின் எடை, 10 காசின் அகலம் என்று நினைவில் வைத்தால் போதும். தேய்ந்த 20 காசு நாணயங்களைத் தவிர்த்து, பளபளப்பான புதுக்காசாக ஐந்தாறு எடுத்து நிறுத்துப் பாருங்கள். அந்தச் சிங்கப்பூர்க் காசுகள் முலாம் பூசிய எஃகு, காந்தம் ஒட்டும். தினாரியஸில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அடுத்த சோதனைக்குப் போகவே வேண்டாம்.

முன்பக்கம்

வாகைமாலை சூடிய தலை வலப்புறம் பார்த்திருக்கும். சுற்றிலும் எழுத்துகள். சொற்களுக்கு நடுவே இடைவெளி குறைவு, யு வரவேண்டிய இடத்திலெல்லாம் வி வரும். வட்டத்தில் எங்கே தொடங்குவது என்பதுதான் புதிதாகப் படிப்பவருக்குக் குழப்பம். டி, ஐ (TI) என்ற இரண்டு எழுத்தும் அவற்றை அடுத்து ‘சீசர்’ என்ற சொல்லும் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். தொடக்கம் அதுதான்.

டி-ஐ என்பது திபேரியஸ். அடுத்தது சீசர், குடும்பப் பெயர். அது பிறப்பால் வந்ததல்ல. கி.மு. 42 நவம்பர் 16இல் பிறந்தபோது அவர் கிளாடியஸ் குடும்பத்துப் பிள்ளை. தாய் லிவியா, கி.மு. 38இல் முதல் கணவரை விட்டு, பின்னாளில் அகஸ்டஸ் ஆன ஆக்டேவியனை மணந்தார். அப்படி அந்த வீட்டுக்குள் வந்தவர் திபேரியஸ்.

பிறகு டி-ஐ-வி-ஐ, ஏ-வி-ஜி, எஃப் (DIVI AVG F) என்று வரும். ‘தெய்வமான அகஸ்டஸின் மகன்’ என்று பொருள். எஃப் என்ற அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் பெரிய விலை இருக்கிறது. அகஸ்டஸின் மகள் ஜூலியாவை மணப்பதற்காகத் தன் மனைவி விப்சானியாவை கி.மு. 11இல் விலக்கிவைக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தினார்கள். கி.மு. 6இல் எல்லாவற்றையும் உதறிவிட்டு ரோட்ஸ் தீவுக்குப் போனவர் கி.பி. 2 வரை திரும்பவில்லை. காயஸ், லூசியஸ் இருவரும் இறந்து வாரிசு இல்லாமல் போன பிறகுதான், கி.பி. 4 ஜூன் மாதம் அகஸ்டஸ் அவரை மகனாகத் தத்தெடுத்தார். தமிழ்நாட்டில் அதிகம் கிடைக்கும் முதல் வகைக் காசில் நிற்கும் இளைஞர்கள் இந்த இருவர்தான். இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் போன இடத்தில் இவர் வந்தது தெரியும்.

கடைசிச் சொல் அகஸ்டஸ், இம்முறை பட்டமாக. கி.பி. 14 ஆகஸ்ட் 19இல் அகஸ்டஸ் நோலா ஊரில் இறந்தார். செப்டம்பர் 17இல் ரோமின் ஆட்சி மன்றமான செனட் அவரைத் தெய்வமாக அறிவித்தது. ‘தெய்வமான’ என்ற சொல் இருப்பதால் இந்தக் காசு அதற்கு முன்னதாக இருக்க முடியாது.

இல்லாதவற்றையும் எண்ணுங்கள். பெயருக்கு முன்னால் ஐ-எம்-பி (IMP) இல்லை. அகஸ்டஸ் முன்பெயராகவே வைத்துக்கொண்ட ‘இம்பெராட்டர்’ பட்டத்தை இவர் அப்படி ஏற்கவில்லை. ‘தேசத்தந்தை’ என்ற பட்டமும் இல்லை. செனட் கொடுக்க வந்தும் மறுத்தார். செப்டம்பர் மாதத்துக்குத் தன் பெயரை வைக்கும் யோசனையையும் தடுத்தார். கொடுங்கோலர் என்றே பெயரெடுத்தவரைப் பற்றிப் படிக்கும்போது இந்த மறுப்புகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பின்பக்கம்

வலப்புறம் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண். ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் கிளை. அமைதித் தேவதையாகக் காட்டப்பட்ட லிவியா என்பது பரவலான கருத்து, பெயர் எழுதப்படவில்லை. இருபுறமும் ‘பொன்டிஃப் மாக்சிம்’, அதாவது தலைமைக் குரு. அந்தப் பதவி அவருக்குக் கிடைத்தது கி.பி. 15 மார்ச் 10. எனவே இந்தக் காசு 15க்கும் 37க்கும் இடைப்பட்டது. அதற்கு மேல் எழுத்து உதவாது. ஏறக்குறைய ஆட்சி முழுவதும் இன்றைய பிரான்ஸின் லியோன் நகரான லுக்டூனத்தில் இதே உருவத்தையே அடித்துக்கொண்டிருந்தார்கள். புதிது புதிதாக விளம்பரம் செய்துகொள்ளும் ஆசை அவருக்கு இல்லை.

இன்னும் நெருங்க வேண்டுமானால் நாற்காலியைப் பாருங்கள். கால்கள் வெறும் கோடாக இருக்கின்றனவா, கடைந்தெடுத்த அலங்காரத்தோடு இருக்கின்றனவா? காலடியில் ஒரு கோடா, இரண்டா? கோலின் முனை கீழ்நோக்கிய ஈட்டியாக இருக்கிறதா? ஆய்வாளர்கள் குழு பிரிப்பது இவற்றை வைத்துத்தான். நாணய வல்லுநர்கள் பயன்படுத்தும் ‘ரோமன் இம்பீரியல் காயினேஜ்’ முதல் தொகுதியின் திருத்திய பதிப்பில் இந்தத் தினாரியஸ் திபேரியஸின் கீழ் 26, 28, 30 ஆகிய எண்களில் வருகிறது. விற்பவர் எண் சொன்னால், நாற்காலியோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். எல்லாவற்றுக்கும் 30 என்று போட்டுவிடும் பழக்கம் உண்டு.

ஆண்டு எழுதிய காசுகள்

கணக்குப் போட்டுப் பழக, தேர் வகைத் தினாரியஸும் செம்பு, பித்தளைக் காசுகளும்தான் நல்லவை. அவற்றில் டி-ஆர் பி-ஓ-டி (TR POT) என்று வந்து, பின்னால் ரோமன் எண் இருக்கும். மக்கள் தீர்ப்பாளர் அதிகாரம் எத்தனையாவது முறை என்பது அதன் பொருள். திபேரியஸுக்கு அது ஜூன் மாதக் கடைசியில் புதுப்பிக்கப்படும். அந்த எண்ணிலிருந்து 2ஐக் கழித்தால் கி.பி. ஆண்டு வரும், அந்த ஜூன் முதல் அடுத்த ஜூன் வரை. 16 என்றால் 14–15. 24 என்றால் 22–23. 38 என்றால் 36–37, அதுதான் கடைசி.

தவறு நேரும் இடங்கள் மூன்று. நான்கை ஐ-வி என்று எழுதாமல் நான்கு ஐ-யாகவே எழுதுவார்கள். கடைசி ஐ விளிம்புக்கு வெளியே போயிருந்தால் 17 என்பது 16 ஆகிவிடும். மூன்றாவது, ஐ-எம்-பி பின்னால் 7 என்ற எண்ணோடு வந்தால் அது முன்பெயர் அல்ல. எத்தனை வெற்றிகளுக்காகப் படை அவரை வாழ்த்தியது என்ற எண்ணிக்கை. நான்கு குதிரைத் தேரில் அவர் நிற்கும் தினாரியஸில் 16 அல்லது 17, கூடவே ஐ-எம்-பி 7 என்று இருக்கும். டால்மேசியா, பனோனியா பகுதிகளில் பெற்ற வெற்றிக்காக கி.பி. 12இல் அவர் நடத்திய வெற்றி ஊர்வலத்தை நினைவூட்டும் காசு அது.

22–23ஆம் ஆண்டுக் காசுகளில் நின்று நிதானிப்பது நல்லது. அந்த ஓராண்டில் திடீரென்று குடும்பமே காசில் ஏறியது. லிவியா 22இல் கடும் நோய்வாய்ப்பட்டுத் தேறினார். கோவேறு கழுதைகள் இழுக்கும் மூடுவண்டியோடு அவர் பெயரில் ஒரு செஸ்டர்ஷியஸ், அதாவது பெரிய பித்தளைக்காசு, வந்தது. கி.பி. 17இல் ஆசியா மாநிலத்தின் பன்னிரண்டு நகரங்களை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியபோது, சார்டிஸ் நகருக்கு மட்டும் ஒரு கோடி செஸ்டர்ஷியஸ் தருவதாகவும் ஐந்தாண்டு வரி தள்ளுபடி செய்வதாகவும் திபேரியஸ் அறிவித்திருந்தார். ‘ஆசிய நகரங்கள் மீட்கப்பட்டன’ என்ற வாசகத்தோடு அவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் காசும் இதே ஆண்டுதான்.

எல்லாவற்றையும்விட மனத்தைத் தொடுவது மகன் துரூசஸின் செஸ்டர்ஷியஸ். ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் அகலம், 27 கிராம் வரை எடை. முன்பக்கம் ஓர் எழுத்துகூடக் கிடையாது. குறுக்காக வைத்த இரண்டு வளக்கொம்புகள், ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் எட்டிப்பார்க்கும் ஒரு குழந்தையின் தலை, நடுவில் பாம்புகள் சுற்றிய கோல். கி.பி. 19இல் துரூசஸுக்குப் பிறந்த இரட்டை ஆண்பிள்ளைகள் அவை. லென்ஸில் பார்த்தால் முகங்கள் ஒன்றையொன்று நோக்கியிருக்கும். வாரிசு உறுதி என்று சொல்ல அடித்த காசு. 23 செப்டம்பரில் துரூசஸ் இறந்தார். இரட்டையரில் ஒரு குழந்தையும் அதே காலத்தில் போய்விட்டது. மற்றவனை, திபேரியஸ் இறந்த பிறகு, அடுத்த பேரரசனான காலிகுலா சாகடித்தான். துரூசஸுக்கு நஞ்சிட்டது காவல்படைத் தலைவன் செஜானஸ் என்ற குற்றச்சாட்டு எட்டாண்டு கழித்து, 31இல் அவன் கொல்லப்பட்ட பிறகே வெளியே வந்தது.

செஜானஸுக்கும் காசு உண்டு. ஸ்பெயினின் பில்பிலிஸ் ஊரில் 31இல் அடித்த செம்புக்காசில் திபேரியஸோடு சேர்த்து அவன் பெயரும் கான்சலாக, அதாவது ரோமின் உயர் ஆட்சிப் பதவியாளனாக, வந்தது. அவன் வீழ்ந்ததும் சிலவற்றில் அவன் பெயரை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட காசை யாராவது காட்டினால், செதுக்கிய பள்ளத்துக்குள் உள்ள பாசிநிறம் காசின் மற்ற பகுதியோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் மட்டும் பளிச்சென்று இருந்தால் அது அண்மையில் நடந்த வேலை.

26இல் ரோமைவிட்டுக் கிளம்பிய திபேரியஸ், 27 முதல் காப்ரி தீவில் இருந்தபடியே ஆண்டார். காசு இதைப் பற்றி மூச்சுவிடாது. இங்கே ரோமானிய வரலாற்றாசிரியர்கள் டாசிட்டஸையும் சுவேட்டோனியஸையும்தான் நாட வேண்டும். இருவரும் அவர்மேல் கசப்போடு எழுதியவர்கள். காசோ அரசாங்கத்தின் குரல். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காசின் மதிப்பு

ஒரு தினாரியஸ் நான்கு செஸ்டர்ஷியஸ், அல்லது அஸ் என்ற செம்புக்காசு 16. கி.பி. 14இல் பனோனியாவில் கிளர்ச்சி செய்த படைவீரர்கள், நாளுக்கு 10 அஸ் போதாது, ஒரு தினாரியஸ் வேண்டும் என்று கேட்டார்கள். உங்கள் உள்ளங்கையில் இருப்பது அவர்கள் கேட்டுக் கிடைக்காத ஒருநாள் கூலி. அந்த நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிய விலைப்படி கருமிளகு ஒரு ரோமன் பவுண்டு நான்கு தினாரியஸ். ஒரு காசுக்கு ஏறக்குறைய 80 கிராம் மிளகு. அந்த மிளகு முசிறித் துறை வழியாகப் போன சரக்கு.

இப்படிப் பணம் வெளியே போவது திபேரியஸுக்கே உறுத்தியது. 22இல் செனட்டுக்கு எழுதிய கடிதத்தில், பெண்களின் நகைக்கற்களுக்காக நம் பணம் அயலாருக்கும் பகைவருக்கும் போகிறது என்று குறைப்பட்டார். ஆனாலும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. 33இல் ரோமில் கடன் நெருக்கடி வந்து பணமே புழங்காமல் போனபோது, பத்துக் கோடி செஸ்டர்ஷியஸை மூன்றாண்டு வட்டியில்லாக் கடனாக எடுத்துவிட்டார். அவர் 37 மார்ச் 16இல் மிசேனத்தில் இறந்தபோது கருவூலத்தில் 270 கோடி செஸ்டர்ஷியஸ் இருந்தது என்கிறார் சுவேட்டோனியஸ்.

நல்ல காசா, போலியா

எடை 3.2 கிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். செம்புத் துண்டின்மேல் வெள்ளித் தகடு போர்த்தி அந்தக் காலத்திலேயே கள்ளக்காசு அடித்தார்கள். விளிம்பிலோ, மூக்கு, காது போன்ற மேடுகளிலோ தகடு கிழிந்து பச்சையோ செந்நிறமோ எட்டிப்பார்க்கும். அவையும் பழங்காசுகளே, ஆனால் விலை வேறு.

அடர்த்திச் சோதனை இப்படி: காசை முதலில் உலர்வாக நிறுங்கள். எடைக்கருவிமேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, கருவியைச் சுழியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க அமிழும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். கருவி காட்டும் எண்ணால் உலர் எடையை வகுத்தால் அடர்த்தி. 3.70 கிராம் காசுக்கு 0.36 காட்டினால் 10.3, நல்ல வெள்ளி. 9க்குப் பக்கத்தில் வந்தால் உள்ளே செம்பு. இவ்வளவு சின்னக் காசில் 0.01 மாறினாலே விடை 0.3 மாறும். ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். காசில் ஒட்டும் காற்றுக் குமிழி முடிவைக் கெடுக்கும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால் குமிழி ஒட்டாது.

வார்ப்புப் போலியைக் கண்டுபிடிப்பது எளிது. விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல் கோடு, பரப்பில் ஊசிமுனைக் குழிகள், எழுத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும். அச்சில் அடித்த போலிதான் ஆபத்து. அதற்கு ஒரே வழி, அதே காசின் படத்தை ஏல இணையதளங்களில் தேடி ஒப்பிடுவது. கையால் அடித்த இரண்டு காசுகள் ஒரே அச்சில் வந்திருக்கலாம். ஒரே கோணல், ஒரே விரிசல், ஒரே ஓரக்குறை எல்லாம் சேர்ந்து அமையாது.

முகத்தின் குறுக்கே உளி வெட்டு இருந்தால் உடனே ஒதுக்க வேண்டாம். 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசர் தலைமேல் அப்படி வெட்டு இருந்தது. தென்னிந்தியாவுக்கு வந்த காசுகளின் அடையாளங்களில் ஒன்று அது.

வாங்கும்போது

ஊருக்குப் போன இடத்தில் கரூர்ப் பக்கம் ஆற்றுமணலில் எடுத்தது என்று யாராவது காட்டினால் வாங்கி வராதீர்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியாள் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். இந்தியாவிலிருந்து எப்போது, எப்படி வெளியேறியது என்ற தாள் இல்லாத காசை எங்கிருந்து வந்தாலும் விட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் பல ஆண்டுகளாகப் புழங்கிய காசுகள் பழைய ஏலப் பட்டியல் எண்ணோடு தாராளமாகக் கிடைக்கின்றன.

வெளிநாட்டிலிருந்து தபாலில் தருவித்தால், அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்து 400 வெள்ளிக்கு மேல் போனால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி இங்கே வந்து சேரும்போது கட்ட வேண்டும். அதற்குக் கீழே இருந்தாலும் பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர் வாங்கும் இடத்திலேயே வரியைச் சேர்த்துவிடுவார்.

‘பைபிளில் வரும் வரிக்காசு’ என்று போட்டு விலையை ஏற்றுவது வழக்கம். மாற்கு நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் ஒரு தினாரியஸ் வருவது உண்மை. எந்த வகை என்று அங்கே சொல்லவில்லை. அந்தப் பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

வைத்துக்கொள்வது

குத்துவிளக்கு துலக்குவதைப் போலப் புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை எதையும் காசின் அருகே கொண்டுபோகாதீர்கள். சாம்பல் படிந்த நிறம்தான் அதன் வயது. ஒருமுறை தேய்த்துவிட்டால் திரும்ப வராது, விலையும் பாதியாகும். காசுமாலைக்கோ பதக்கத்துக்கோ துளையிடுவதும் அப்படியே.

நம் ஊர் ஈரப்பதத்துக்குத் திறந்த அலமாரி ஒத்துவராது. கேமரா வைக்கும் உலர்பெட்டியை 40 விழுக்காட்டுக்குக் கீழே நிறுத்தினால் வெள்ளிக்கும் நல்லது, செம்புக்கும் நல்லது. செம்புக்காசில் வெளிர்பச்சைப் பொடி துளிர்த்தால் அது ஈரத்தில் பரவும் அரிப்பு. உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள். மெதுமெதுவென்றிருக்கும் பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துக் காசில் பச்சை படியவைக்கும். மைலார் உறையோ, அமிலமில்லாத தாளுறையோ வாங்குங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, வெள்ளியைக் கறுப்பாக்கும். கற்பூரம், சாம்பிராணி ஏற்றும் சாமி அறையிலும் வேண்டாம்.

உறைக்குள் சின்னச் சீட்டு ஒன்று வையுங்கள். எடை, விட்டம், அடர்த்தி, நாற்காலிக் கால், கோடுகளின் எண்ணிக்கை, வாங்கிய இடம், தேதி, பழைய ஏல எண் ஆகியவை அதில் இருக்கட்டும். ரசீதின் நகலை வேறோர் இடத்தில் வைத்திருங்கள். பின்னாளில் விற்கும்போதோ பிள்ளைகளிடம் கொடுக்கும்போதோ முதலில் கேட்கப்படுவது அதுதான்.